பிள்ளையோடு வர்சிட்டி பார்க்கப் போகிறீர்களா? தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

வேலைக்காக டர்பனுக்கோ ஜோகன்னஸ்பர்க்குக்கோ குடும்பத்தோடு வந்து சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிள்ளை கிரேடு 10, 11 படிக்கும்போதுதான் அடுத்து எங்கே, எப்படி என்ற கேள்வி வீட்டுக்குள் வருகிறது. யாரைக் கேட்பது என்று தெரியாது. பள்ளியில் ஒரு பதில், அலுவலக நண்பர் ஒரு பதில், கோயிலில் பார்த்த ஆன்ட்டி இன்னொரு பதில் சொல்வார்கள். எல்லாமே ஓரளவு சரியாகத்தான் இருக்கும். முழுதாக ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. நாங்கள் மகளை அழைத்துக்கொண்டு டர்பன், ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா, கேப் டவுன் என்று அலைந்து தெரிந்துகொண்டவற்றை வரிசையாகத் தருகிறேன்.

முதலில் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் பிளஸ் டூ முடிவு வந்த பிறகுதான் ஓட்டம் தொடங்கும். இங்கே மெட்ரிக் எனப்படும் கிரேடு 12 இறுதித் தேர்வின் முடிவு ஜனவரியில் வருகிறது, வகுப்புகள் பிப்ரவரியில் தொடங்கிவிடுகின்றன. விண்ணப்பமோ அதற்கு முந்தைய ஆண்டின் நடுவிலேயே பல இடங்களில் மூடிவிடுகிறது. கிரேடு 11 இறுதி மதிப்பெண்ணையும் கிரேடு 12 அரையாண்டு மதிப்பெண்ணையும் வைத்துத்தான் இடம் தருகிறார்கள். அதனால் வளாகம் பார்ப்பதெல்லாம் கிரேடு 11-இலேயே முடிந்துவிடுவது நல்லது. கிரேடு 12-இல் பிள்ளைக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.

1. கடைசித் தேதிகளைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்

கேப் டவுன் பல்கலைக்கழகம் வழக்கமாக ஜூலை 31-இல் மூடுகிறது. ஜோகன்னஸ்பர்க்கில் உள்ள விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகம், சுருக்கமாக விட்ஸ், பெரும்பாலான படிப்புகளுக்குச் செப்டம்பர் 30 வரை வாங்கும், ஆனால் மருத்துவம் சார்ந்த படிப்புகளுக்கும் கட்டடக்கலை போன்ற சிலவற்றுக்கும் ஜூன் 30-இலேயே கதவு சாத்திவிடும். செப்டம்பர் என்று கேள்விப்பட்டு நிம்மதியாக இருந்து, பிள்ளைக்கு வேண்டிய படிப்பு ஜூனிலேயே மூடிவிட்டது என்று பிறகு தெரிந்து தவித்த குடும்பங்கள் உண்டு. பல்கலைக்கழகத்தின் தேதியை விட்டுவிட்டுப் படிப்பின் தேதியைக் கேளுங்கள். ஆண்டுக்கு ஆண்டு சற்று நகரும் என்பதால் அந்தந்த ஆண்டின் இணையதளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு. சிஏஓ என்ற மத்திய விண்ணப்ப அலுவலகத்தின் ஒரே படிவத்தில் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகம், டியுடி எனும் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், மங்கோசுத்து, சுலுலாந்து ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களுக்கும் விண்ணப்பிக்கலாம். ஆறு தேர்வுகள் கொடுக்கலாம். குறித்த தேதிக்குள் கட்டினால் 250 ரேண்ட், தாமதமானால் கூடுதல். மற்ற மாகாணங்களின் பல்கலைக்கழகங்களுக்கு இது செல்லாது, தனித்தனியாகத்தான் போட வேண்டும். விட்ஸ், கேப் டவுன் இரண்டுக்கும் உள்ளூர் மாணவருக்கு 100 ரேண்ட், பிரிட்டோரியாவுக்கு 300 ரேண்ட். வெளிநாட்டு விண்ணப்பதாரருக்குச் சில இடங்களில் இது கூடும். ஜோகன்னஸ்பர்க் பல்கலைக்கழகம் இணையவழி விண்ணப்பத்துக்குக் கட்டணம் வாங்குவதில்லை.

2. பயணத்துக்கு முன் புள்ளிகளைக் கூட்டிப் பாருங்கள்

இங்கே ஏபிஎஸ் என்ற சேர்க்கைப் புள்ளிக் கணக்கு உண்டு. 80 சதவீதத்துக்கு மேல் 7 புள்ளி, 70 முதல் 79 வரை 6, 60 முதல் 69 வரை 5 என்று இறங்கும். வாழ்க்கைத் திறன் பாடமான லைஃப் ஓரியன்டேஷனை விட்டுவிட்டு ஆறு பாடங்களைக் கூட்டினால் அதிகபட்சம் 42 வரும். ஆனால் எல்லா இடத்திலும் இதே கணக்கு இல்லை. விட்ஸ் 90-க்கு மேல் 8 புள்ளி தருகிறது. கேப் டவுன் சதவீதங்களை அப்படியே கூட்டி 600-க்குக் கணக்கிடுகிறது. ஓர் இடத்தில் போதும் என்று வந்த மதிப்பெண் இன்னோர் இடத்தில் போதாமல் போகலாம். ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் கையேட்டையும் திறந்து தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள்.

மொத்தப் புள்ளி இருந்தாலும் பாட மதிப்பெண் தனியாக நிற்கும். பொறியியல் என்றால் கணிதத்திலும் ஃபிசிக்கல் சயன்ஸிலும் 70 அல்லது அதற்கு மேல் எதிர்பார்க்கும் இடங்கள் உண்டு. ஃபிசிக்கல் சயன்ஸ் என்பது இயற்பியலும் வேதியியலும் சேர்ந்த ஒரே பாடம். நம் ஊர்க் கணக்கில் இரண்டாக எண்ணிவிடாதீர்கள்.

கிரேடு 10-இல் கணிதமா, அன்றாடக் கணக்கை மட்டும் கற்றுத்தரும் எளிய பாடமான மேத்ஸ் லிட்டா (மேத்தமேட்டிக்கல் லிட்டரசி) என்று பள்ளி கேட்கும். "பிள்ளைக்குக் கஷ்டமாக இருக்கிறது, மேத்ஸ் லிட் எடுத்தால் மதிப்பெண் ஏறும்" என்று ஆசிரியர் நல்ல மனத்தோடு சொல்லலாம். மேத்ஸ் லிட் எடுத்தால் பொறியியல், மருத்துவம், அறிவியல், பெரும்பாலான பி.காம். படிப்புகள் எல்லாம் அன்றைக்கே மூடிவிடும். கலை, சட்டம் போன்றவற்றில்தான் வழி இருக்கும். பிள்ளைக்கு எது வேண்டும் என்று தெரியாத வயதில் இந்த முடிவை எடுக்க வேண்டியிருக்கிறது. தெரியாதபோது கணிதத்தையே வைத்துக்கொள்ளச் சொல்வேன். தமிழையும் மெட்ரிக் பாடமாக எடுக்க வழி உண்டு. அதற்குப் பள்ளியில் முன்கூட்டியே பேச வேண்டும்.

சில படிப்புகளுக்கு என்பிடி என்ற தேசிய நுழைவுத் தேர்வும் கேட்பார்கள். மொழித்திறன் தாள் ஒன்று, கணிதத் தாள் ஒன்று. இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள், தேர்வு மைய இடங்கள் நிரம்பிவிடும்.

3. எந்த வளாகம் என்று உறுதி செய்யுங்கள்

பெயர் ஒன்று, வளாகங்கள் பல என்பது இங்கே பெரிய பொறி. குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் ஐந்து வளாகங்கள். மகள் பொறியியல் படிக்கப் போகிறாள் என்றால் ஹோவர்ட் காலேஜ் பார்க்க வேண்டும். பி.காம்., மருந்தியல் என்றால் வெஸ்ட்வில். ஆசிரியப் பயிற்சி பைன்டவுனில் உள்ள எட்ஜ்வுட்டில். மருத்துவக் கல்லூரி தனியாக உம்பிலோ சாலையில். விவசாயம் என்றால் ஒரு மணி நேரம் தள்ளி பீட்டர்மாரிட்ஸ்பர்க். வெஸ்ட்வில்லில் மரமும் குரங்கும் பச்சையுமாகப் பார்த்து மயங்கிவிட்டு, பிறகு பாடம் டர்பனின் பெரியா (Berea) பகுதி மலைமுகட்டில் இருக்கும் ஹோவர்ட் காலேஜில் என்று தெரிந்தால் பார்த்ததெல்லாம் வீண்.

கேப் டவுனில் மலையடிவாரத்து மேல் வளாகத்தைத்தான் எல்லாரும் படம் எடுப்பார்கள். மருத்துவ மாணவர்கள் இருப்பதோ அப்சர்வேட்டரியில், குரூட் ஷூர் மருத்துவமனைப் பக்கம். ஸ்டெலன்பாஷ் மருத்துவம் அந்த அழகிய ஊரிலேயே இல்லை, கேப் டவுன் அருகே டைகர்பர்க்கில் நடக்கிறது. பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகம் ஹாட்ஃபீல்டில். கால்நடை மருத்துவம் ஆன்டர்ஸ்டிபூர்ட்டில், நாட்டிலேயே அந்த ஒரு இடத்தில்தான். ஜோகன்னஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கு நான்கு வளாகங்கள். வடிவமைப்பு பன்டிங் சாலையில், மருத்துவம் சார்ந்த படிப்புகள் டோர்ன்ஃபான்டெய்னில்.

போகும் முன் துறை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டு, "முதலாண்டு வகுப்புகள் எந்த வளாகத்தில்? இரண்டாமாண்டிலிருந்து மாறுமா?" என்று கேளுங்கள். இரண்டே வரி போதும்.

4. எப்போது போவது

குளிர்கால விடுமுறையில் போகலாம் என்றுதான் முதலில் தோன்றும். பள்ளி விடுமுறை, வேலையில் லீவு, எல்லாம் ஒத்துவரும். ஆனால் ஜூன் கடைசி முதல் ஜூலை நடு வரை பல்கலைக்கழகத்துக்கும் விடுமுறை. ஆளில்லாத கட்டடங்களையும் பூட்டிய கேன்டீனையும்தான் பார்ப்பீர்கள். மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் தேர்வு. மாணவர்கள் நூலகத்தில் முகம் வாடிக் கிடப்பார்கள், யாரும் நின்று பேச மாட்டார்கள். பிப்ரவரி தொடக்கத்தில் பதிவு நடக்கும், நெரிசல் அதிகம். கட்டணம், தங்குமிடம் பற்றிய போராட்டங்களும் பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான் வெடிக்கும். வாசல் மூடியிருக்கலாம்.

மார்ச், ஏப்ரல், ஆகஸ்டு ஆகிய மூன்றும் நல்ல மாதங்கள். செவ்வாய் அல்லது புதனாக இருந்தால் இன்னும் நல்லது. வெள்ளி பிற்பகல் வளாகம் காலியாகிவிடும். பள்ளியில் ஒரு நாள் லீவு வாங்க வேண்டியிருக்கும். காரணத்தை எழுதிக் கடிதம் கொடுத்தால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

ஓபன் டே என்ற திறந்தநாள் நிகழ்ச்சிகளையும் விடாதீர்கள். பல இடங்களில் சனிக்கிழமையில் நடக்கும், சில இடங்களில் முன்பதிவு கேட்பார்கள். அங்கே பேராசிரியர்கள் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள், சேர்க்கை அலுவலர்கள் நேரடியாகப் பதில் சொல்வார்கள். சேர்க்கை விதிகளைக் கேட்க அதைவிட நல்ல நாள் கிடையாது. ஆனால் அன்றைக்கு வளாகம் கல்யாண வீடு மாதிரி சோடித்திருக்கும். பிள்ளைக்கு அந்த இடம் ஒத்துவருமா என்று பார்க்கச் சாதாரண வேலைநாள்தான் வேண்டும். முடிந்தால் இரண்டுக்கும் போங்கள். ஒன்றுக்குத்தான் முடியும் என்றால் நான் சாதாரண நாளைத்தான் எடுப்பேன். விதிகளை மின்னஞ்சலிலும் கேட்டுக்கொள்ளலாம்.

5. வழியும் செலவும்

டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் என்3 நெடுஞ்சாலையில் சுமார் 570 கிலோமீட்டர், காரில் ஆறு மணி நேரம் பிடிக்கும். வழியில் பல சுங்கச்சாவடிகள் இருப்பதால் பெட்ரோலோடு அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இருட்டும் முன் ஊர் சேர்கிற மாதிரி அதிகாலையில் கிளம்புங்கள். விமானத்தில் போனால் ஜோகன்னஸ்பர்க்கின் ஓ. ஆர். டாம்போ விமான நிலையத்திலிருந்து கௌட்ரெயின் என்ற விரைவு ரயில் உண்டு. விட்ஸ் பார்க்க பார்க் நிலையத்திலும், பிரிட்டோரியா பார்க்க ஹாட்ஃபீல்டிலும் இறங்க வேண்டும். வழியில் ஒருமுறை ரயில் மாற வேண்டும். பார்க் நிலையத்திலிருந்து விட்ஸ் இருக்கும் பிராம்ஃபான்டெய்னுக்கு நடக்கிற தூரம்தான், ஆனால் புதிதாக வருபவர்கள் ஊபர் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பல்கலைக்கழகங்களையும் அடுத்தடுத்த நாள்களில் பார்த்துவிடலாம்.

கேப் டவுனுக்கு டர்பனிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரம், சாலையில் என்றால் சுமார் 1,600 கிலோமீட்டர். கேப் டவுனையும் ஸ்டெலன்பாஷையும் சேர்த்தே பாருங்கள், இடையே ஐம்பது கிலோமீட்டர்தான். மலிவு விமானச்சீட்டில் பெட்டிக்குத் தனியாகக் காசு என்பதை மறக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் நேரில் பார்க்க வேண்டும் என்பதில்லை. புள்ளி ஒத்துவராத இடத்துக்கும், ஒத்துவந்தாலும் செலவு தாங்காத இடத்துக்கும் போகாதீர்கள். பிள்ளை அதைப் பார்த்து ஆசைப்பட்டுவிட்டால் பிறகு மனம் ஆறாது. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வளாகத்தை முதலில் பாருங்கள். செலவில்லாமல் பிள்ளைக்குக் கேள்வி கேட்கப் பழக்கம் வரும்.

6. வாசலில்

பெரும்பாலான வளாகங்களில் மாணவர் அட்டையைத் தட்டினால்தான் கதவு திறக்கும். பார்வையாளர் பெயர் எழுதி, அடையாளம் காட்டி, சில இடங்களில் காரின் எண்ணையும் பதிவு செய்ய வேண்டும். பாஸ்போர்ட்டின் அசலையோ ஐடி அட்டையையோ வைத்துக்கொள்ளுங்கள். துறையிலிருந்து வந்த மின்னஞ்சலைத் தொலைபேசியில் எடுத்துக் காட்டினால் வேலை சீக்கிரம் முடியும். எந்த அலுவலருடனும் பேசி வைக்காமல் சாதாரண நாளில் போனால் திருப்பி அனுப்பப்பட வாய்ப்பு உண்டு. சேர்க்கைப் பிரிவுக்கு ஒரு வாரம் முன்னால் எழுதுங்கள். மாணவ வழிகாட்டியோடு சுற்றிக் காட்டும் ஏற்பாடு சில இடங்களில் இருக்கிறது.

7. உள்ளே போனதும்

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். நுழைந்தவுடன் நிர்வாகக் கட்டடத்தையும் பெரிய மண்டபத்தையும் காட்டுவார்கள். பார்த்துவிட்டு அப்புறம் துறைக்குப் போங்கள். முதலாண்டு விரிவுரை மண்டபத்தில் எத்தனை பேர் உட்காருகிறார்கள், சிறு குழு வகுப்பை யார் எடுக்கிறார், ஆய்வகத்தில் ஒரு கருவிக்கு எத்தனை பேர் என்று பாருங்கள். பெரிய மண்டபத்தில் நூற்றுக்கணக்கானவர்களோடு உட்கார்ந்து படிக்கச் சில பிள்ளைகளால் முடியும். சிலர் அதில் தொலைந்துபோவார்கள். உங்கள் பிள்ளை எப்படி என்று உங்களுக்குத் தெரியும்.

கேள்விகளைப் பிள்ளையே கேட்கட்டும். நமக்குத்தான் வாய் துறுதுறுக்கும், தெரியும். இங்கே பல்கலைக்கழகங்கள் மாணவரைத்தான் பெரியவராக நடத்துகின்றன. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால், சேர்ந்த பிறகு மதிப்பெண் என்ன என்று நீங்கள் தொலைபேசியில் கேட்டால்கூட மாணவரின் ஒப்புதல் இல்லாமல் சொல்ல மாட்டார்கள். இப்போதே அவர்கள் பேசிப் பழகுவது நல்லது.

மதிய உணவு நேரத்தில் கேன்டீன் பக்கம் உட்காருங்கள். நீங்கள் ஒரு மேசையில், பிள்ளை தனியாக இன்னொரு மேசையில். அந்தத் துறையின் இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரோடு பத்து நிமிடம் பேசினால் கையேட்டில் இல்லாதது எல்லாம் வரும். எங்கள் மகள் கூச்ச சுபாவம். ஆனாலும் ஆய்வக வாசலில் காத்திருந்த ஒரு பெண்ணிடம், "முதலாண்டில் எந்தப் பாடத்தில் அதிகம் பேர் தோற்கிறார்கள்?" என்று கேட்டாள். அந்தப் பெண் பாடத்தின் பெயரைச் சொன்னதோடு, அதற்கு எந்த உதவி வகுப்பு போவது என்றும் எழுதிக் கொடுத்தாள். அன்றைக்குக் கிடைத்த எல்லாத் தகவலிலும் அதுதான் எங்களுக்கு மிகவும் பயன்பட்டது.

பிள்ளையிடம் கொடுத்து அனுப்ப ஏற்ற கேள்விகள்: முதலாண்டில் தோற்றால் என்ன நடக்கும், எத்தனை வாய்ப்பு? படிப்பைத் துறைக்குள் மாற்ற முடியுமா? மின்சாரமோ தண்ணீரோ நின்றால் வகுப்பும் தங்குமிடமும் எப்படிச் சமாளிக்கின்றன? இந்தக் கடைசிக் கேள்வியை லேசாக எண்ணாதீர்கள். ரோட்ஸ் பல்கலைக்கழகம் இருக்கும் மகாண்டாவில் தண்ணீர்த் தட்டுப்பாடு பல ஆண்டுகளாக உண்டு. டர்பனின் சில பகுதிகளிலும் குழாய் நாள்கணக்கில் வற்றுவதுண்டு.

பொறியியல் பார்ப்பவர்கள் ஈசிஎஸ்ஏ எனும் தென்னாப்பிரிக்கப் பொறியியல் மன்றத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். அது இருந்தால் வாஷிங்டன் உடன்படிக்கையின் வழியாக வேறு நாடுகளிலும் பட்டத்துக்கு மதிப்பு உண்டு. பிறகு குடும்பம் வேறு நாட்டுக்கு நகர்ந்தாலும் கவலை குறையும். தனியார் கல்லூரிகளின் பளபளப்பான அரங்குகளுக்குப் போனால், உயர்கல்வித் துறையில் பதிவு செய்த எண்ணையும், அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கான அங்கீகாரத்தையும் கேளுங்கள். துறையின் பதிவேடு இணையத்தில் இருக்கிறது. உடனே காட்டாத இடத்தில் ஒரு ரேண்ட்கூடக் கட்டாதீர்கள்.

8. ரெஸ், சாப்பாடு, பாதுகாப்பு

வெளியூரில் படிக்கப் போகிற பிள்ளைக்கு இது வகுப்பறைக்குச் சமமான விஷயம். வளாக விடுதியை ரெஸ் என்பார்கள். இடம் குறைவு. பட்டப்படிப்பில் இடம் கிடைத்தால் ரெஸ்ஸிலும் இடம் உண்டு என்று நினைத்துவிடாதீர்கள், அதற்குத் தனி விண்ணப்பம். பல்கலைக்கழக விண்ணப்பத்தோடு அன்றைக்கே அதையும் போடுங்கள். கிடைக்காதவர்கள் பல்கலைக்கழகம் அங்கீகரித்த தனியார் விடுதிகளிலோ, நண்பர்களோடு சேர்ந்து டிக்ஸ் எனப்படும் வாடகை வீடுகளிலோ தங்குவார்கள். தெரியாத ஆளுக்கு முன்பணம் அனுப்பி வீடு பிடிக்க வேண்டாம். ஜனவரியில் இல்லாத வீட்டுக்கு விளம்பரம் போட்டு ஏமாற்றுபவர்கள் நிறைய.

ரெஸ்ஸைப் பார்க்கும்போது மாலையில் வகுப்பு முடிந்து திரும்பும் வழியில் நடந்து பாருங்கள். விளக்கு எரிகிறதா, காவலர் நிற்கிறாரா, இரவு ஷட்டில் எத்தனை மணி வரை ஓடுகிறது? கேப் டவுனில் மாணவர்களுக்கான ஷட்டில் பேருந்து வளாகங்களையும் விடுதிகளையும் இணைக்கிறது. விட்ஸின் கிழக்கு, மேற்கு வளாகங்களுக்கு நடுவே எம்1 நெடுஞ்சாலை ஓடுகிறது. வேலிக்குள் ஒழுங்காக இருக்கும், வேலிக்கு வெளியே பிராம்ஃபான்டெய்ன் தெருவில் தொலைபேசியைக் கையில் ஏந்தி நடக்கக் கூடாது. இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. எங்கே கவனம் வேண்டும் என்று பிள்ளைக்குக் காட்டிக் கொடுங்கள், அவர்கள் சீக்கிரம் பழகிவிடுவார்கள்.

சாப்பாட்டுக் கூடத்தில் சைவம் எத்தனை நாள், முட்டை சேர்க்காத உணவு உண்டா, புரட்டாசியில் என்ன செய்வது என்றெல்லாம் கேட்கத் தயங்காதீர்கள். இங்கே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் புரட்டாசி விரதம் இருப்பவர்கள்தான், அதனால் டர்பன், ஜோகன்னஸ்பர்க் பக்கம் கேட்பவர்களுக்கு அது புதிதாக இராது. கேப் டவுன், ஸ்டெலன்பாஷில் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கும். உணவுத் திட்டம் கட்டாயமா, சமையலறை உள்ள ரெஸ் உண்டா என்றும் கேளுங்கள். தீபாவளி இங்கே அரசு விடுமுறை இல்லை. அது பெரும்பாலும் இரண்டாம் பருவத் தேர்வுகளோடு மோதும். சமய நாளில் தேர்வு வந்தால் என்ன நடைமுறை என்று மாணவர் விவகாரப் பிரிவில் கேட்டு வையுங்கள்.

9. காகிதங்கள்

எல்லாருக்கும் வேண்டியவை: பிள்ளையின் ஐடி அல்லது பாஸ்போர்ட், கிரேடு 11 இறுதி அறிக்கை, கிரேடு 12-இன் கிடைத்த அறிக்கைகள், பெற்றோரின் அடையாளம், முகவரிச் சான்று. நகல்களுக்குச் சான்றொப்பம் கேட்பார்கள். காவல் நிலையத்தில் இலவசமாகப் போட்டுத் தருவார்கள், அசலைக் கையோடு கொண்டுபோக வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் பழைய முத்திரையைப் பல இடங்கள் ஏற்காது. அதனால் ஒரேயடியாக ஐம்பது நகல் போட்டு வைப்பதில் பயனில்லை.

பிள்ளை இந்தியாவில் சிபிஎஸ்இ அல்லது மாநிலப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாலோ, இங்கே கேம்பிரிட்ஜ் பள்ளியில் ஏ லெவல் எழுதினாலோ, யூசாஃப் என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் மெட்ரிக்குலேஷன் பிரிவில் தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். இதற்குத் தனிக் கட்டணமும் காலமும் பிடிக்கும். இந்தியாவில் மே மாதம் முடிவு வந்தாலும் இங்கே வகுப்பு அடுத்த பிப்ரவரியில்தான். அந்த இடைவெளியை முன்கூட்டித் திட்டமிடுங்கள்.

நிரந்தர வசிப்புரிமை இல்லாதவர்கள் விசாவில் கவனமாக இருக்க வேண்டும். பெற்றோரின் வேலை விசாவோடு வந்த பிள்ளை, பள்ளியில் படித்த அனுமதியை வைத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போக முடியாது. அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே படிப்பு விசா வேண்டும், வேறு இடத்துக்கு மாறினால் மறுபடியும் விண்ணப்பம். அதற்குச் சேர்க்கைக் கடிதம், பணம் இருப்பதற்கான ஆதாரம், மருத்துவ அறிக்கை, தென்னாப்பிரிக்காவில் பதிவான மெடிக்கல் எய்டு எனும் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் உறுப்பினர் சான்று எல்லாம் கேட்பார்கள். இந்தியாவில் எடுத்த பயணக் காப்பீடு செல்லாது. உங்கள் அலுவலக மெடிக்கல் எய்டில் பிள்ளை ஏற்கெனவே இருந்தால் அதன் சான்றிதழை வாங்குங்கள். 18 வயது ஆகிவிட்டால் காவல்துறை நற்சான்றும் வேண்டும். சேர்க்கைக் கடிதம் கையில் கிடைத்த வாரமே விஎஃப்எஸ் என்ற விசா விண்ணப்ப மையத்தில் நேரம் பதிவு செய்யுங்கள். டிசம்பரில் இந்த நாடே விடுமுறையில் இருக்கும், எந்தக் கோப்பும் நகராது.

10. பணம்

அரசுப் பல்கலைக்கழகங்களில் பி.காம்., பி.எஸ்ஸி. போன்றவற்றுக்கு ஆண்டுக் கல்விக் கட்டணம் சுமார் 50,000 முதல் 80,000 ரேண்ட் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமும் பொறியியலும் இதைவிடக் கூடும். ரெஸ்ஸுக்கு உணவோடு ஏறத்தாழ அதே அளவு தனியாக. புத்தகம், மடிக்கணினி, வீட்டுக்கு வந்துபோகும் செலவு எல்லாம் அதற்கு மேல்.

நீங்கள் எந்தக் கட்டணப் பிரிவில் வருகிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். நிரந்தர வசிப்புரிமை இருந்தால் பொதுவாக உள்ளூர்க் கட்டணம். இல்லாவிட்டால் ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளின் கூட்டமைப்பான சாடெக் நாடுகளுக்கு ஒன்று, இந்தியா, இலங்கை போன்றவற்றுக்கு அதைவிட அதிகம் என்று பிரிக்கும் இடங்கள் உண்டு. வெளிநாட்டு மாணவர் கட்டணம் என்று ஒரு தொகையும் சேரும். ஆண்டுத் தொகை முழுவதையும் பதிவுக்கு முன்னே கட்டச் சொல்வார்கள். மருத்துவத்தில் வெளிநாட்டு மாணவருக்கு இடம் மிக மிகக் குறைவு. அந்த ஆசை உள்ள பிள்ளையிடம் இதை மறைக்காமல் கிரேடு 10-இலேயே பேசிவிடுங்கள்.

என்எஸ்ஃபாஸ் அரசு உதவித்தொகை குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டும், அதுவும் குடும்ப ஆண்டு வருமானம் 3,50,000 ரேண்டுக்குள் இருந்தால். விண்ணப்பம் இலவசம். வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்பவர்களை நம்ப வேண்டாம். மற்றவர்கள் பல்கலைக்கழகத்தின் மதிப்பெண் சலுகைகளைப் பாருங்கள். மெட்ரிக்கில் உயர்ந்த சராசரி எடுத்தவர்களுக்கு முதலாண்டுக் கட்டணத்தில் தள்ளுபடி தருகிற இடங்கள் உண்டு, அதில் குடியுரிமை கேட்காத இடங்களும் இருக்கின்றன.

11. விண்ணப்பித்த பிறகு

முதலில் வருவது நிபந்தனையோடு கூடிய சேர்க்கைக் கடிதமாகத்தான் இருக்கும். மெட்ரிக்கில் மதிப்பெண் இறங்கினால் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்வார்கள். ஏற்றுக்கொள்கிறோம் என்று குறித்த நாளுக்குள் இணையதளத்தில் அழுத்தாவிட்டாலும் இடம் போய்விடும். விண்ணப்பத்தில் பிள்ளையின் சொந்த மின்னஞ்சலையும் தொலைபேசி எண்ணையும் கொடுங்கள், மெட்ரிக் முடியும்வரை அந்த எண்ணை மாற்றாதீர்கள். குப்பை மின்னஞ்சல் பெட்டியையும் வாரம் இருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

டிசம்பரில் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ சீட்டு எடுப்பவர்கள் மெட்ரிக் முடிவு வரும் நாளுக்கு முன் திரும்புகிற மாதிரி எடுங்கள். முடிவு வந்த நாளிலிருந்து பதிவு முடியும்வரை எல்லாம் சில வாரங்களுக்குள் ஓடிவிடும். ரெஸ் முன்பணம், பதிவுக்கான முதல் தவணை இரண்டும் ஒன்றாக வரும், பணத்தை டிசம்பரிலேயே ஒதுக்கி வையுங்கள். மதிப்பெண்ணில் சந்தேகம் இருந்தால் மறுமதிப்பீடு கேட்கலாம், ஆனால் அதன் முடிவு வரும்வரை பல்கலைக்கழகம் காத்திருக்காது.

எங்கும் இடம் கிடைக்காமல் போனால் ஜனவரியில் பல்கலைக்கழக வாசலில் வரிசையில் நிற்பதால் பயனில்லை, பெரும்பாலான இடங்கள் நேரில் வருபவர்களை வாங்குவதில்லை. உயர்கல்வித் துறையின் சிஏசிஎச் என்ற காலியிடச் சேவையில் பெயரைப் பதியுங்கள். சிஏஓ வழியாக விண்ணப்பித்தவர்கள் தேர்வுகளை மாற்ற அனுமதிக்கும் காலத்தில் காலியிடம் உள்ள படிப்புகளைச் சேர்க்கலாம். இரண்டுக்கும் விண்ணப்ப எண்ணும் மெட்ரிக் தேர்வு எண்ணும் தேவைப்படும். அவற்றை ஒரு தாளில் எழுதி, பாஸ்போர்ட்டுகள் இருக்கும் உறையிலேயே வைத்துவிடுங்கள்.